நான் தொட்ட இரும்பு நத்தை

எங்கள் கொல்லையில் சாமை விதைக்கும்போது முதல் கைப்பிடி என் கையிலிருந்துதான் விழவேண்டும். எனக்கு ஐந்து வயதில் ஏற்பட்ட வழக்கம் அது. நான் முதலில் தூவிய வருஷம் குதிர் நிறைந்து, மிச்சத்தைப் பாயில் கொட்டி வைத்தார்கள். அன்றிலிருந்து ஊரில் எனக்குக் கைராசிக்காரி என்று பேர். நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இருந்தாலும் அந்தப் பேரை எட்டாவது படித்தவர்கள்கூட வாங்கவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், மறைப்பானேன்?

அந்தக் கைராசிதான் என் சித்தப்பாவின் ஜீப்பைக் காவு வாங்கியது.

சித்தப்பா தன் ஏர்க்காளைகள் இரண்டையும் விற்று ஒரு கிழட்டு டீசல் ஜீப் வாங்கியிருந்தார். அப்போது எங்கள் மலைக்குப் பாதை போட்டுக் கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. செங்குத்தான வளைவு வந்தால் எந்த ஜீப்பானாலும் ஆட்கள் இறங்கித் தள்ளவேண்டும். அடிவாரத்து ஒடுகத்தூர் புளி மண்டிக்காரருக்கு அது பிடிக்கவில்லை. அவர் உடம்பு அப்படி. "என்னை எறக்காம எவன் மேல கொண்டாந்து சேக்கிறானோ, இந்த வருஷப் புளி மொத்தமும் அவன் வண்டியிலதான்" என்று சொல்லிவிட்டார். போட்டிக்கு இருந்தது இரண்டே ஜீப்புகள். சித்தப்பாவுடையது ஒன்று, கீழ்நாட்டுக்காரன் ஒருவனுடையது இன்னொன்று. புளி கிடைக்காவிட்டால் ஜீப்பை விற்கவேண்டியதுதான். காளையும் இல்லை, ஜீப்பும் இல்லை என்று ஆகிவிடும்.

ஜீப்புக்குத் தெம்பு கூட்ட சித்தப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ஒடுகத்தூர் மெக்கானிக் பாயிடம் போனார். பாய் இரண்டு டர்போக்களை எடுத்துவந்து சாக்கின் மேல் வைத்தார். பார்க்க இரண்டு இரும்பு நத்தைகள் மாதிரி இருந்தன; நான் சொன்ன அந்தப் பேரே பிறகு ஊரில் நிலைத்தது. பெரியது, பாதை வெட்ட வந்து பழுதாகிப்போன மண் தள்ளும் வண்டியில் கழற்றியது. சின்னது எந்தச் சீமை வண்டியில் இருந்ததோ. இஞ்சின் விடும் புகையே உள்ளே இருக்கிற சக்கரத்தைச் சுற்றுமாம். சக்கரம் சுற்றினால் இஞ்சினுக்குக் காற்றை ஊதுமாம், அதில் வண்டிக்குத் தெம்பு கூடுமாம்.

"சின்னதுதான் தம்பி உனக்கு. லேசான புகைக்கே சட்டுனு முழிச்சிக்கும். பெருசு வளைவுக்கு வளைவு தூங்கிடும்."

"மலை ஏர்றதுக்குப் பெருசுதானே பாய் தெம்பு?"

"உன் வூட்டுல பெரிய திருகையை இந்தப் பொண்ணு சுத்துமா? அது மாதிரிதான்."

சித்தப்பாவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பெரியதைத் தூக்கிப் பார்ப்பார், வைப்பார், மறுபடி தூக்குவார். கடைசியில் தோள் துண்டை எடுத்து இரண்டின் மேலும் போட்டார். "பாப்பா, கண்ணை மூடிக்கினு ஒண்ணைத் தொடு" என்றார். பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

கண்ணை மூடினேன். முழுக்க மூடவில்லை. இமையிடுக்கில் சித்தப்பாவின் முகம் தெரிந்தது. அந்த முகம் பெரியதன் பக்கமே திரும்பியிருந்தது. நானும் நேராகப் போய்ப் பெரியதைத் தொட்டேன். அவர் என்னைத் தூக்கிச் சுற்றினார்.

போட்டி நாளன்று மண்டிக்காரர் எங்கள் ஜீப்பில் முன்னால் ஏறிக்கொண்டார். பின்னால் உப்பு மூட்டைகள், மூட்டைகளின் மேல் நான். கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. நேர்ப்பாதையில் நத்தை விசிலடித்ததைக் கேட்கவேண்டுமே! ஜீப் பாய்ந்த பாய்ச்சலில் மண்டிக்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். நான் வளைவுகளை எண்ணினேன். ஒவ்வொரு வளைவிலும் சித்தப்பா காலை எடுப்பார், விசில் நின்றுபோகும். மறுபடி அமுக்குவார், வராது. அது வருவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். மூட்டையை நகத்தால் பிறாண்டிக்கொண்டு, ஊது ஊது என்று நானே வாயால் ஊதினேன்.

ஏழாவது வளைவு செங்குத்து. அங்கே நத்தை அசையவே இல்லை. புகை போகிற வழியையும் அடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஜீப் கரும்புகை கக்கி, குலுங்கி, நின்று, பின்னால் உருள ஆரம்பித்தது. நான் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். மண்டிக்காரர் இறங்கிவிட்டார். மண்டிக்காரர் எடைக்கு மூட்டை ஏற்றியிருந்த கீழ்நாட்டுக்காரன் ஜீப் சினைமாடு போல முனகிக்கொண்டே எங்களைத் தாண்டியது.

"இன்னாண்ணா, உன் நத்தை தூங்கிடுச்சா?" என்று கத்திவிட்டுப் போனான்.

மண்டிக்காரர் இறங்கிய பிறகு, அவரோடு சுமையும் குறைந்த பிறகு, நத்தை முழித்துக்கொண்டு மலையே கேட்கிற மாதிரி விசிலடித்தது.

மேலே ஊரே கூடியிருந்தது. எந்த மடையன் இதைப் பொறுக்கினான் என்று ஒருவர் கேட்டார். நான் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். "நான்தான் பொறுக்கினேன். பாய் சொன்னாரு, நான் கேக்கல" என்றார் சித்தப்பா. என் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் சித்திக்கு விஷயம் தெரியும். ஜீப் விற்றுப்போனது. சித்தப்பா செங்கத்துக்குப் போய் வேறு யாருடைய லாரியையோ ஓட்டினார்.

ஆடியில் விதைக்கிற நாள் வந்தது. காளைகளை இரவல் வாங்கி உழுதிருந்தார்கள். விதைக்கூடையை நான் எடுக்கப் போனபோது, "அவ கை வாணாம், வேற யாராச்சும் தூவுங்க" என்றாள் சித்தி. என் உள்ளங்கை அரித்தது. மடியில் துடைத்துக்கொண்டே நின்றேன்.

அப்போது கொல்லை வரப்பில் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார் சித்தப்பா. முதல் பஸ்ஸைப் பிடித்து இறங்கி, மீதியை நடந்திருக்கிறார். சித்தி சொன்னது வரப்புவரை கேட்டிருக்கிறது. கூடையை வாங்கி என் இடுப்பில் வைத்தார். "யார் வூட்டுக் கைராசியை யார் நிறுத்தறது?" என்று சித்தியைப் பார்த்து ஒரு சத்தம். பிறகு என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"இந்த வாட்டியாச்சும் கண்ணை நல்லாத் தொறந்துக்கோ பாப்பா. என் மூஞ்சியைப் பாக்காத, மண்ணைப் பாத்துத் தூவு."

விதைக்கும்போது யாராவது கண்ணை மூடுவார்களா? ஜீப்போடு இந்த மனுஷனுக்குப் புத்தியும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, கை நிறைய அள்ளி வீசினேன்.