மழை நாளில் ஏறிய எண்

தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்துகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், டீசலையும் நிலக்கரி மின்சாரத்தையும் படிப்படியாகக் குறைக்கப்போவதாக அறிவித்து, விடுதி மொட்டைமாடி முழுக்க சோலார் தகடுகளைப் பதித்தார்கள். வெயிலிலிருந்து அன்றைக்கு எவ்வளவு மின்சாரம் கிடைத்தது என்று காட்ட வாசலில் ஒரு மின்னணுப் பலகையும் வைத்தார்கள். அதற்கென அமைத்த பசுமைக் குழுவில் நானும் இருந்தேன். பொழிச்சலூரிலிருந்து பல்கலைக்கழக பஸ்ஸில் வரும் என் ஆசிரியத் தோழிகளிடம் அந்தப் பலகையைக் காட்டிப் பெருமை பேசியிருக்கிறேன்.

ஒரு டிசம்பரில் மூன்று நாள் விடாத மழை. காலை வகுப்புக்கே எல்லா விளக்கையும் போட வேண்டியிருந்தது. அன்று மதியம் குடையோடு வாசலைக் கடந்தபோது பலகையைப் பார்த்தேன். நல்ல வெயில் நாளில் காட்டும் அதே எண். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒன்று ஏறியது. மேகமூட்டத்திலும் கொஞ்சம் மின்சாரம் வரும்தான். ஆனால் இவ்வளவா?

விடுதிக்குப் பின்னால் போனேன். ஜெனரேட்டர் கரும்புகை கக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எங்கள் எலக்ட்ரீஷியன் நின்றிருந்தார். பம்மல்காரர், என்னைவிட மூத்தவர்.

"அண்ணா, மாடியில சோலார் ஓடுதா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாம் ஓடிக்கினுதான் கீது மேடம். உங்களுக்கு கிளாஸ் இல்லியா?"

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. மாடிச் சாவி அவர் இடுப்பிலேயே தொங்குவது, என்னைக் கண்டால் போனை மறைப்பது, எல்லாமே அதன்பிறகு உறுத்தத் தொடங்கின. டீசல் கணக்கில் ஏதோ தில்லுமுல்லு செய்கிறார், அதற்காகத்தான் சோலாரை அணைத்து வைத்திருக்கிறார் என்று மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

அடுத்த வாரம், தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்காக மாடிக் கதவு திறந்திருந்தபோது யாருக்கும் சொல்லாமல் ஏறினேன். தகடுகள் மேல் புறா எச்சம் காய்ந்து கிடந்தது. நல்ல வெயில், ஆனாலும் தகடுகளின் மின்சாரத்தை மாற்றித்தரும் இன்வெர்ட்டர் பெட்டி சுவரில் இருந்தது, அதன் திரை இருட்டாக இருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"எடுங்க மேடம், நல்லா எடுங்க," என்றார் எலக்ட்ரீஷியன். "என் மேல பழி போடத்தானே உங்கள அனுப்சிகீறாங்க?"

"என்னை யாரும் அனுப்பலை."

"கமிட்டில கீறது நீங்கதானே? அன்னிக்கு வந்து வேவு பாத்ததும் நீங்கதானே?"

அவர் தன் போனை நீட்டினார். இன்வெர்ட்டரில் சர்க்யூட் கார்டு எரிந்துபோனது, ஆள் அனுப்புங்கள், தகடு கழுவத் தண்ணீர் இணைப்பு வேண்டும் என்று வாரம் தவறாமல் பராமரிப்பு அதிகாரிக்கு அனுப்பிய செய்திகள். படித்ததற்கான நீலக் குறி எல்லாவற்றிலும் விழுந்திருந்தது. பதில் ஒன்றுக்கும் இல்லை.

"ஓடலைன்னு வெளிய சொல்லக் கூடாதுன்னு ஆர்டர் மேடம். சொன்னா என் வேலதான் போவும்."

"மன்னிச்சிடுங்க அண்ணா. நான் உங்களைத்தான் தப்பா நினைச்சேன்."

"நானும்தான்," என்றார். சிரிக்கவில்லை.

அவரைக் காட்டிக்கொடுக்காமல், அடுத்த குழுக் கூட்டத்தில் என் படங்களை மட்டும் திரையில் போட்டேன். இன்வெர்ட்டர் செத்துக்கிடக்க, வாசலில் எண் எப்படி ஏறுகிறது என்று கேட்டேன். பராமரிப்பு அதிகாரி குரலைத் தாழ்த்தி, "மேடம், அந்த போர்டு மீட்டரோட கனெக்ட் ஆகலை. ஒரு ஆவரேஜ் செட் பண்ணி வெச்சிருக்கோம். விசிட்டர்ஸ் பார்க்கத்தானே?" என்றார். கூட்டத்துக்குத் தலைமை வகித்த துணைவேந்தர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னையும் அப்படியே பார்த்தார்.

மறுநாள் பலகை இருண்டது. பொங்கல் கழிந்து புது கார்டு வந்தது, மாடிக்குத் தண்ணீர்க் குழாயும் ஏறியது. மழை நின்ற அந்த மாதங்களில் பகலில் ஜெனரேட்டர் சத்தம் அநேகமாகக் கேட்கவில்லை. புதிய பசுமைக் குழுப் பட்டியல் வந்தபோது அதில் நான் இல்லை. என் பெயரை யார் எடுத்தார்கள் என்று எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது எலக்ட்ரீஷியன் தினமும் மாடியிலுள்ள சோலார் மீட்டரைப் பார்த்து, அன்றைய எண்ணை விடுதிப் படிக்கட்டு அருகே கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிவைக்கிறார். அவர் எழுதுவதை நம்புகிறேன். ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை சாவி வாங்கி மாடிக்குப் போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன். அவரும் ஏன் என்று கேட்பதில்லை.