நாத்தனாரை மிஞ்ச வாங்கிய சால்டரிங் அயர்ன்

தொண்ணூறுகளில், காரைக்குடி செக்காலையில் நானும் என் நாத்தனார் மேரியும் பொழுதுபோக்காக ரேடியோ செய்வோம். மேரிக்கு அவள் கணவர் சிங்கப்பூரிலிருந்து, ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் வாங்கிவந்தார். அவள் பற்றவைத்த இணைப்புகள் பளபளத்தன. என் கணவரே அதைப் புகழ, எனக்கு வயிறு எரிந்தது. கடையில் இருந்ததிலேயே பெரிய அயர்னை வாங்கிவந்தேன்.

"மதினி, இது பாத்திரம் பத்தவைக்கிறதுல்ல? இம்புட்டுச் சூடு ரேடியோவுக்கு ஆகாதே" என்றாள் மேரி.

பொறாமையில் பேசுகிறாள் என்று நினைத்து, அவள் முன்னாலேயே அதைச் சூடாக்கி ரேடியோ போர்டில் அழுத்தி வைத்தேன். போர்டின் செம்புப் பட்டை உரிந்து சுருண்டது. பதறி இழுத்ததில் அயர்ன் தன் வயர்மேலேயே விழுந்து, வயர் உருகிப் புகைந்தது. எடுக்கக் கை நீட்டினேன்.

"தொடாதீக மதினி!" என்று கத்தியபடி மேரி சுவிட்சை அணைத்தாள்.

இப்போது இருபத்தைந்து வாட் சின்ன அயர்னும், அதை வைக்க ஒரு ஸ்டாண்டும் வைத்திருக்கிறேன். எந்தக் கருவி வாங்கினாலும் முதலில் மேரியிடம் கேட்கிறேன். கேட்கும்போதுதான் இன்னும் கொஞ்சம் கசக்கிறது.