மூட்டைத் தராசில் ஏறியவள்

எழுபதுகளின் நடுப்பகுதி அது. போடிநாயக்கனூரில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் ஒரு கிட்டங்கியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மதுரையில் பி.ஏ. முடித்தவன் என்ற கர்வம் நிறைய இருந்தது. கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். மனைவி சிலமலையில் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி வீட்டுப் பெண். காட்டு வேலை செய்து வளர்ந்த வாட்டசாட்டமான உடம்பு. பசித்தால் சாப்பிடுவாள், பிடித்திருந்தால் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்வாள். அதில் அவளுக்கு வெட்கமே கிடையாது.

தை மாதம் மதுரையில் என் கல்லூரி நண்பன் ஒருவனுக்குக் கல்யாணம். கூடப் படித்தவர்களெல்லாம் மனைவியோடு வருவார்கள். அவர்கள் நடுவே இவளைக் கொண்டுபோய் நிறுத்துவதை நினைத்தாலே எனக்குக் கூச்சமாக இருந்தது. பண்டிகைக் காலத்தில் உடம்பு கனக்காமல் காத்துக்கொள்வது பற்றி அப்போது ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்தேன். பண்டிகைக்கு முன்னும் பின்னும் எடை பார்க்க வேண்டுமாம்.

தீபாவளிக்கு முந்தின நாள், ஆட்கள் போன பிறகு, கிட்டங்கியில் மூட்டை நிறுக்கும் தராசுப் பலகையில் அவளை ஏறச் சொன்னேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஏறினாள். "பொங்கல் முடியிற வரைக்கும் இதுக்கு மேல கூடக் கூடாது" என்றேன். அப்போதும் சிரித்தாள்.

தலை தீபாவளிக்குச் சிலமலை போனோம். இட்லி, கறிக்குழம்பு, சீயம், அதிரசம் என்று மாப்பிள்ளை விருந்து. நான் எதையும் விடவில்லை. அவள் இலையில் மாமியார் அதிரசம் வைத்தபோது மட்டும் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். இலையை மடித்துவிட்டாள்.

"ஏன்டி, வருசங்கூட ஆகல, அதுக்குள்ள ஆத்தா கை கசந்துபோச்சா?" என்றார் மாமியார்.

"வயிறு சரியில்லாத்தா."

மாமியார் அடுப்படிக்குப் போய்விட்டார். நான் இன்னோர் அதிரசம் கேட்டு வாங்கித் தின்றேன்.

கார்த்திகையும் பொங்கலும் அவளுக்கு அப்படியே கழிந்தன. மாட்டுப்பொங்கல் முடிந்ததும் அவளைக் கிட்டங்கிக்கு வரச் சொன்னேன். மலையிலிருந்து வந்த ஜீப்பில் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஆளுக இருக்காக. பெறகு பாத்துக்கிருவோம்" என்றாள் மெதுவாக.

"ஒரு நிமிச சோலி. வெரசா ஏறு."

ஏறினாள். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் குரல் கொடுத்தார்: "அண்ணே, இந்த லோடு எந்த ஊருக்கு? தூக்க ரெண்டு ஆளு வேணுமே!"

கிட்டங்கியே சிரித்தது. நானும் சிரித்தேன். எடை குறைந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அதையும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கி, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

கேலி பேசியவரும் சிலமலைக்காரர்தான்; சேதி அன்றே ஊருக்குப் போய்விட்டது. மறுநாள் காலை பஸ்சில் மாமியார் வந்து இறங்கினார். அந்தக் காலத்து வழக்கப்படி அதுவரை என் முகம் பார்த்துப் பேசாதவர், வாசலிலேயே நின்று நேராகக் கேட்டார்.

"மாப்ளே, எம்புள்ளய மூட்டத் தராசுல ஏத்துனீகளாம்ல. எடை கொறஞ்சிருச்சாமே. நாங்க குடுக்கும்போது நெறையாத்தான குடுத்தோம்? கொறஞ்சது எங்க போச்சுன்னு சொல்லுங்க."

அவர் மகளிடம், "துணிய எடு, கெளம்பு" என்றார்.

அவள் வெகுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தப்புத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படித்தவன் மாமியார் முன்னால் பணிவதா என்று நின்றுவிட்டேன். "நீ போத்தா, நான் இருந்துக்கிறேன்" என்றாள் கடைசியில். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். மதுரைக் கல்யாணத்துக்கு அவள் வரவில்லை என்றுவிட்டாள்; நான் மட்டும் போனேன்.

அன்றிலிருந்து அவள் என் எதிரில் சாப்பிட்டதில்லை. பரிமாறுவாள், பேசுவாள். உட்காரச் சொன்னால், "நீங்க சாப்பிடுங்க, நான் பெறகு" என்பாள். பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பிறகு, எண்பதுகளில் ஒரு தீபாவளியன்று அதிரசம் ஒன்றை நீட்டி, "என்னை மன்னிச்சிரு" என்றேன். வாங்கிக்கொண்டாள். "அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு" என்றாள். பிறகு நான் அடுப்படிக்குள் போனபோது, அது கடிபடாமல் தட்டில் இருந்தது.

இப்போது அவள் மிகவும் மெலிந்துவிட்டாள். நன்றாகச் சாப்பிட வேண்டும் என்கிறார் டாக்டர். நான் பக்கத்தில் இருந்தால் அவள் கை சோற்றில் அப்படியே நின்றுவிடுகிறது. அதனால் அவள் சாப்பிடும் நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுகிறேன். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்கு என்னால் செய்ய முடிந்த ஒரே உதவி, அவள் கண்ணில் படாமல் இருப்பதுதான்.