மூச்சில் பழ வாசனை

எங்கள் லேபில் என் மூக்குக்கு ஒரு பேர் உண்டு. மூத்திர டப்பாவின் மூடியைத் திறந்ததுமே, பரிசோதனைப் பட்டையை முக்குவதற்கு முன்பே, இதில் கிருமி இருக்கிறது, இதில் கீட்டோன் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். பத்துக்கு எட்டு சரியாகவே இருக்கும். "உனக்கு மிஷினே வேணாம்" என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்லும்போது, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிக்கொண்டே உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன். அந்த மூக்கை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதற்குள் மூன்று தாள் கிழித்தாயிற்று.

எனக்கு வீடு செங்கல்பட்டில், வேலை மதுராந்தகத்தில், ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில். காலையில் ரயில், இறங்கியதும் ஷேர் ஆட்டோ. ஆறு வருஷமாகப் பெரும்பாலும் ஒரே ஆட்டோ, ஒரே டிரைவர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ஏரிக்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு. ஆட்டோ அவருடையதில்லை, வாடகை வண்டி. சாவி ஸ்டாண்டுத் தலைவரிடம் இருக்கும். காலையில் அவர் கையால் வாங்கி, வேலை முடிந்ததும் அவரிடமே கொடுக்க வேண்டும். நான் படியிறங்கி வருவதைப் பார்த்ததும் "அக்கா, சீட்டு கீது, வாங்க" என்று கூப்பிடுவார். ஓரத்து சீட்டில் துண்டைப் போட்டு எனக்காக இடம் பிடித்து வைத்திருப்பார்.

அந்த மாதம் அவர் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தார். காலடியில் இரண்டு லிட்டர் பாட்டில், லேப் போய்ச் சேர்வதற்குள் பாதி காலி. "இன்னா தம்பி, ஏரியையே குடிச்சிடுவே போல" என்று நானே கிண்டல் செய்தேன். "வெயிலுக்கா" என்றார். சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. வலது காலில் ஆணி குத்திய புண்ணுக்குத் துணி சுற்றியிருந்தார். தாகம், இளைப்பு, ஆறாத புண். எங்கள் லேப் சுவரில் இதே மூன்றையும் படம் போட்டு ஒட்டி வைத்திருக்கிறோம். தினமும் அதன் அடியில் நின்றுதான் நான் கை கழுவுகிறேன்.

அன்று திங்கட்கிழமை. ஆட்டோவில் ஏறும்போதே மூச்சுச் சத்தம் கேட்டது. ஓடி வந்தவன் மூச்சு மாதிரி இல்லை. ஆழமாக, விடாமல், உலைத் துருத்தி போல இழுத்து இழுத்து விட்டார். "சில்லறை இருக்கா தம்பி" என்று கேட்டேன். திரும்பினார். கண் என் மேல் நிற்கவில்லை. நாக்குக் குழறி ஏதோ சொன்னார். அந்த வாயிலிருந்து ஒரு வாசனை அடித்தது. கனிந்து அழுகத் தொடங்கிய பழ வாசனை, கொஞ்சம் நெயில் பாலிஷ் மாதிரி.

முந்தின நாள் ஞாயிறு. ஸ்டாண்டுக்கு எதிரே ஒயின் ஷாப். என் புத்திக்கு அது போதுமாக இருந்தது.

"காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டியா? எங்க உயிரு உனக்கு வெளையாட்டா?" என்று கத்தினேன். உள்ளே இரண்டு டீச்சர்கள், ஒரு தாலுகா ஆபீஸ்காரர். எல்லாரையும் இறங்கச் சொன்னேன். ஸ்டாண்டுத் தலைவரைக் கூப்பிட்டு, "இந்த ஆள் கிட்ட வண்டியக் குடுத்தா நான் போலீசுக்குப் போவேன்" என்றேன். தலைவர் அருகில் வந்து முகர்ந்து பார்த்தார். முகம் சுளித்தார். "இன்னாடா இது பேஜாரு" என்று சாவியைப் பிடுங்கினார். டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "குடிக்கல" என்று சொன்னாரா? சொன்னார். சொன்னது என் காதில் விழுந்தது. இவ்வளவு தூரம் எழுதிவிட்டு அதை மட்டும் மறைத்து என்ன செய்யப் போகிறேன்?

ஒருவன் பைக்கில் பின்னால் உட்கார வைத்து அவரை வீட்டில் விடக் கொண்டுபோனான். "போயி படு. தெளிஞ்சா சரியாப் பூடும்" என்றார் தலைவர். நான் வேறு ஆட்டோவில் ஏறினேன். டீச்சர் ஒருத்தி "நீங்க கேட்டது நல்லதுதாங்க" என்றாள். லேப் வரைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மெயின் ரோட்டு நர்சிங் ஹோமிலிருந்து அவசர சாம்பிள் என்று ஒரு பெண் பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். காலில் செருப்பில்லை. ரத்த ட்யூப் இரண்டு, மூத்திர டப்பா ஒன்று. டப்பா மூடியைத் திறந்தேன். காலையில் அடித்த அதே வாசனை. பட்டையை முக்கினேன். வெளிர் நிறத்தில் இருந்த கீட்டோன் கட்டம் கண்ணெதிரே கத்தரிப்பூ நிறத்துக்குப் போய், இன்னும் கறுத்தது. அப்புறம்தான் ட்யூபில் எழுதியிருந்த பெயரைப் படித்தேன்.

படித்தது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. பாழாய்ப்போன படிப்பு, வர வேண்டிய நேரத்தில் வராமல் இப்போது வந்தது. நம் ரத்தம் தண்ணீரைவிட ஒரு துளி காரப் பக்கம் நிற்கும். pH கணக்கில் ஏழு புள்ளி நாலை ஒட்டி. அதிலிருந்து கொஞ்சம் நகர்ந்தாலும் உடம்பு தாங்காது. இன்சுலின் இல்லாமல் போனால் சர்க்கரை ரத்தத்தில் கிடந்தும் உடம்பால் அதை எரிக்க முடியாது, கொழுப்பை எரிக்கும். அதில் கீட்டோன் என்ற கழிவு அமிலம் அமிலமாக வந்து சேரும். ரத்தத்தில் இருக்கும் பைகார்பனேட் என்ற காரம் அவற்றை ஒவ்வொன்றாகச் சமாளித்து, சமாளித்து, கடைசியில் தானே தீர்ந்துபோகும். அப்புறம் மிச்சம் நுரையீரல்தான். கார்பன் டை ஆக்சைடு வெளியே போகப் போக ரத்தத்தில் அமிலம் குறையும் என்பதால், அது துருத்தி ஊத ஆரம்பிக்கும். பழ வாசனை அந்தக் கீட்டோனில் ஒன்றான அசிட்டோனின் வாசனை. பரீட்சையில் இந்தக் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். ஏட்டுச் சுரைக்காய்.

என் முன்னால் அன்று காலையில் அந்த மனிதன் பிழைத்துக்கிடக்கத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அதைத்தான் நான் போதை என்றேன்.

இருபத்துநாலை ஒட்டி இருக்க வேண்டிய பைகார்பனேட் எண் மெஷினில் ஒற்றை இலக்கத்தில் வந்தது. டாக்டருக்கு நானே போன் செய்து சொன்னேன். "செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறோம்" என்றார். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனேன். அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா, பொழைச்சிக்குவாராக்கா? குடிச்சிருக்காருன்னு ஸ்டாண்டுல சொல்லி வூட்ல கொண்டாந்து வுட்டாங்க. தீவாளிக்குக் கூட தொட மாட்டாரு, இன்னாடா இதுன்னு எனக்கும் கோவம். தெளியட்டும்னு கதவச் சாத்திக்கினு வெளிய உக்காந்துட்டேன். எழுப்பப் போனா கண்ணே தொறக்கல."

கட்டின பெண்டாட்டியே நம்பிவிட்டாள். ஊரில் நாலு பேர் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? அந்த நாலு பேருக்குச் சொன்னவள் நான். "ஒண்ணும் ஆகாதும்மா, சீக்கிரம் போ" என்று காகிதத்தை நீட்டினேன். நான்தான் என்று சொல்லவில்லை.

நானாகவே என்னைக் கேட்டுக்கொண்ட ஒரு கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். இதே மூச்சு, இதே வாசனை, கல்பாக்கம் அணுமின் நிலைய ஸ்டாஃப் பஸ்ஸிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்குகிற ஒருவரிடமிருந்து வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? "சார், உங்களுக்கு சுகர் இருக்கா, உட்காருங்க" என்று சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். நான் பிறந்தது கோயில் வேலை பார்த்த குடும்பம். காலனி ஆட்களைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு கெட்ட வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பேசாமலேயே எனக்குள் ஊட்டியிருக்கிறார்கள். மூக்கு அன்றும் சரியாகத்தான் சொன்னது. புத்திதான் அதைத் திருப்பிப் போட்டது.

அவர் பிழைத்துவிட்டார். ஒரு மாதம் கழித்து ஸ்டாண்டில் பார்த்தேன். கன்னம் ஒட்டி, மருந்துப் பையோடு நின்றார். என்னைக் கண்டதும் அவரே வந்தார்.

"அக்கா, நீங்க அன்னிக்கு வண்டிய நிறுத்தலன்னா ஏரிக்குள்ள வுட்டிருப்பேன். டெஸ்ட்டும் நீங்கதான் எடுத்தீங்களாம், டாக்டரு சொன்னாரு. ரெண்டு வாட்டி காப்பாத்திக்கீறீங்க."

செருப்பால் அடித்திருந்தால் தேவலை. "அதெல்லாம் இல்ல தம்பி" என்றேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன்.

அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு ஒதவிக்கா. சுகரு ஏறிப்போச்சுன்னு சொன்னா இங்க எவனும் நம்ப மாட்றான். சுகருக்கு வாய் நாறுமாடா, கத வுடாதன்றாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா நம்புவாங்க." "சொல்றேன் தம்பி" என்றேன்.

சொல்லவில்லை. மறுநாள் ரயில் லேட். அடுத்த நாள் தலைவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த நாள் கூட்டமாக இருந்தது. கத்துவதற்குக் கூட்டம் இருந்தால் எனக்குப் பரவாயில்லை. தப்பை ஒத்துக்கொள்ள மட்டும் ஆள் இல்லாத இடம் தேடினேன். இப்படியே மூன்று வாரம் ஓடிற்று. மறுபடி வண்டி ஓட்ட வந்துவிட்ட அவரும் திரும்பக் கேட்கவில்லை. துண்டு போட்டு இடம் பிடிப்பது மட்டும் நிற்கவில்லை.

ஒரு நாள் வழக்கத்தைவிட முந்தின ரயிலில் வந்துவிட்டேன். ஸ்டாண்டில் சாவி கொடுக்கும் நேரம். டிரைவர்கள் வரிசையாகப் போய் வாங்கினார்கள். இவர் முறை வந்தது. தலைவர் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு, முகத்தை முன்னால் நீட்டினார். "ஊது." இவர் வாயைத் திறந்து, தலைவர் மூக்குக்கு நேரே "ஹா" என்று ஊதினார். பின்னால் நின்றவன் எவனோ சிரித்தான். தலைவர் சாவியைக் கொடுத்தார். மற்ற ஒருவரையும் அவர் ஊதச் சொல்லவில்லை.

திரும்பும்போது இவர் என்னைப் பார்த்துவிட்டார். முகத்தைக் கீழே போட்டுக்கொண்டார். அவமானப்பட வேண்டியவள் நான், தலை குனிந்தது அவர்.

நேராகத் தலைவரிடம் போனேன். அன்று கத்திய அதே சத்தத்தில்தான் சொன்னேன்; குறைத்தால் பாதியில் நின்றுவிடுவேன் என்று பயம். "அண்ணாத்த, எல்லாரும் கேளுங்க. அன்னிக்கு இவர் குடிக்கல. ரத்தத்துல அமிலம் ஏறி சாகக் கெடந்தாரு. அதுக்கு வாயில பழ வாசன வரும், மூச்சு வாங்கும், நாக்கு கொழறும். டெஸ்ட் எடுத்தது நான். குடிகாரன்னு சொன்னதும் நான். தெரிஞ்சிருக்க வேண்டிய வேலையில இருந்துகினு தெரியாம சொல்லிட்டேன். அவர் குடிக்கலன்னு சொன்னாரு, நான் காதுல போட்டுக்கல. தப்பு என்னுது."

தலைவர் தாடையைச் சொறிந்தார். "இன்னாக்கா, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு இவரைப் பார்த்து, "சரிடா, இனிமே நீ ஊத வேணாம்" என்றார். இவர் தலையை மட்டும் ஆட்டினார். என்னிடம் "ஏறுங்கக்கா, நேரமாவுது" என்றார். லேப் வாசலில் இறங்கி, "மன்னிச்சிடுங்க" என்றேன். ஆறு வருஷத்தில் அவரை 'ங்க' போட்டுப் பேசியது அன்றுதான். "பரவால்லக்கா" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

மறுநாளும் முந்தின ரயிலில் போனேன். என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. வரிசை நகர்ந்தது. இவர் முறை வந்ததும் தலைவர் எதுவும் கேட்காமல் சாவியை நீட்டினார்.

இவர் கையை நீட்டவில்லை. பழக்க தோஷத்தில் வாயைத் திறந்து, அவர் மூக்குக்கு நேரே ஊதினார்.