உரியும் தோல்

மணிக்கட்டில் மகளின் பெயரைப் பச்சை குத்திக்கொண்டேன். சில நாட்களில் அந்த இடம் மெல்லிய தோலாக உரியத் தொடங்கியது. பிய்த்தால் மை போய்விடும், புண்ணாகும் என்று குத்தியவர் எச்சரித்திருந்தார். கழுவியது போதுமா, களிம்பு அதிகமா என்று எனக்கு ஓயாத சந்தேகம். மகளோ, "அம்மா, நான் பிய்க்கவா?" என்று விரலை நீட்டினாள்.

நான் சிறுமியாக இருந்தபோது, மலேசியாவில் கோலா பிலா பக்கத்துத் தோட்டத்தில் அப்பா ரப்பர் மரம் சீவினார். வேலை முடிந்து வரும்போது முன்கையில் ரப்பர் பால் காய்ந்து, புளித்த வாடையுடன் தோல்போல ஒட்டியிருக்கும். வாசலில் உட்கார்ந்து கையை நீட்டுவார். நான் உரிப்பேன். முடியும் சேர்ந்து வரும்.

"ஐயோ, மெதுவா லா!" என்று கத்துவார்.

"பால் நிறுக்கிற ஸ்டோர்லயே எண்ணெ போட்டுத் தொடச்சிட்டு வந்தா என்னாங்க?" என்று அம்மா கேட்பார்.

"அப்புறம் இவளுக்கு என்னா வேல?"

மகளின் விரல் இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"பிய்க்கக் கூடாதும்மா. சோப்பு போட்டுக் கையக் கழுவிட்டு வா. நீயே மருந்து தடவு."

ஓடினாள். திரும்பி வந்ததும், நன்றாகக் கழுவினாளா என்று விரல்களை முகர்ந்து பார்த்தேன். பிறகு உட்கார்ந்து கையை நீட்டினேன்.