பதினோரு பேர் சாப்பிட்ட வீடு

தராசும் கையுமாக ஒரு டாக்டர் எங்கள் காஜா பெராங்குக்கு வந்ததும், அவர் பின்னால் நான் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு வாரம் அலைந்ததும் மலாக்கா வாசகர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். “தெரிஞ்சது போதும், மீதியை எழுதாதீங்க” என்கிறாள் என் மனைவி. மீதியில்தான் நான் அசடு வழிகிறேன்... அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஒன்றைக் கவனித்தீர்களா? சுதந்திரம் வந்ததிலிருந்து நம்மை ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. செமாபோக்கில் ஒருவர் ஜாடி ஜாடியாகச் சாக்கடைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனார் — கொசு ஆராய்ச்சியாம். இன்னொருவர் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்து தாலாட்டுப் பாடச் சொன்னார். மடியில் குழந்தை இல்லாமல் யார் தாலாட்டுப் பாடுவார்கள்? ஒரு அம்மாள் வீடு வீடாகப் போய் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று கேட்டு, அம்புக்குறி போட்டுப் படம் வரைந்தார். புது நாடு. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க ஆசை இருக்காதா?

நம் டாக்டர் வந்தது சாப்பாட்டு ஆராய்ச்சிக்கு. பெயர் சபாபதி. சென்னைக்காரர், சிங்கப்பூரில் பல்கலைக்கழக வேலை. பன்னிரண்டு வீடுகள், ஏழு நாட்கள். சமைக்கும் முன்பு அரிசி, மீன், காய் எல்லாவற்றையும் நிறுப்பது, மிஞ்சியதையும் நிறுத்துக் கழிப்பது, சாப்பிட்ட தலைகளால் வகுப்பது. ஒரு நாள் விட்டாலும் அந்த வீட்டுக் கணக்கு உதவாது.

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோயில் வாசலில் என்னைப் பிடித்தார்.

“நீங்க தமிழ்தானே சார்? ஒரு உதவி. கம்போங் செட்டியில எல்லாரும் திருநீறு பூசியிருக்காங்க, பேரெல்லாம் பிள்ளை, படையாச்சின்னு இருக்கு. நான் தமிழ்ல கேட்டா சிரிச்சிட்டு மலாய்ல பதில் சொல்றாங்க!”

“அவங்களுக்குத் தமிழ் வராதுங்க டாக்டர். சாமி கும்பிடறதெல்லாம் நம்ம மாதிரி, வீட்டுல பேசறது மலாய்தான்லா. எத்தனையோ தலைமுறையா அப்படித்தான்.”

“சிங்கப்பூர்ல யாருமே எனக்கு இதைச் சொல்லலையே...”

யாரையும் கேட்டிருக்க மாட்டார். ஆனால் மனிதர் முகம் வாடிவிட்டது. பொங்கலுக்கு ஒரு வாரம்தான் இருந்தது, ஆபீஸிலும் வேலை குறைவு. சரி என்று தலையாட்டினேன்.

நான் வக்கீல் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. பாரம் பூர்த்தி செய்வதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. கட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி வைக்க மாட்டேன். சுதந்திரம் வந்த வருஷம் பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கெல்லாம் சத்தியப் பத்திரம் தட்டித் தட்டி என் விரல்கள் காய்த்துப் போயின. கம்போங் செட்டியில் பாதிப் பேரின் பெயரும் வயதும் எனக்கு மனப்பாடம். இந்த வேலைக்கு என்னை விட்டால் யார் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நான்கு நாட்கள் சுகமாகப் போயின. ஐந்தாம் நாள் போகி.

கம்போங் செட்டியில் போகியன்று ‘பார்ச்சு’. முன்னோர்களுக்குப் படையல். காலையிலிருந்து சமையல் நடக்கும். உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைக்கக் கூடாது. சமைத்ததைக் கூடத்தில் இலை போட்டுப் பரிமாறி, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு வீட்டார் வெளியே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். முன்னோர்கள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போன பிறகுதான் நமக்கு.

அந்த நாளில் போய்த் தராசை நீட்டலாமா? டாக்டருக்கோ ஒரு நாள் விடக் கூடாது. தெய்வானை அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஐம்பதை நெருங்குகிறவர். கணவர் பி.டபிள்யூ.டியில் வேலை. அந்தச் சந்தில் அவர் சொன்னதுதான் சொல். அவர் பேசியது மலாய், உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

“நிறுக்கட்டும். ஆனா தராசைக் குளிப்பாட்டணும். அவரும் குளிக்கணும். சோத்துல கை படக் கூடாது. இலையை நான்தான் தூக்கி வைப்பேன்.”

பல்கலைக்கழகத் தராசு மஞ்சள் தண்ணீரில் குளித்துக் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டது. டாக்டரும் கிணற்றடியில் குளித்தார். அக்கா பரிமாறிய இலைகளைச் சோறு தனியாக, குழம்பு தனியாக ஒவ்வொன்றாகத் தராசில் வைக்க, டாக்டர் எட்ட நின்று குறித்துக்கொண்டார். ஐந்து இலைகள். அதில் ஒன்று சின்னது.

கதவைச் சாத்தினார்கள். வெளியே எல்லோரோடும் டாக்டரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கதவு திறந்ததும் மறுபடி நிறுத்தார். பிறகு என் காதருகே வந்து, “ஒரு அவுன்ஸ்கூடக் குறையல சார்” என்றார். மனிதர் கேலி செய்யவில்லை. அவருடைய பாரத்தில் மிச்சம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, பாவம்.

அடுத்த கேள்வி, வழக்கமான கேள்வி. இன்று இந்த வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள்?

“சபெலாஸ்” என்றார் அக்கா.

நான் டாக்டரிடம் திரும்பி, “ஆறு” என்றேன்.

ஐந்து நாட்களாக மலாய் எண்களைக் கேட்டுக் கேட்டு டாக்டர் படித்து வைத்திருப்பார் என்று நான் கண்டேனா? “சபெலாஸ்னா பதினொண்ணு இல்லையா சார்?” என்று கேட்டபடியே 11 என்று எழுதிவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. “இல்லைங்க டாக்டர், வீட்டுல ஆறு பேர்தான். மத்த அஞ்சு பேரும் செத்துப் போனவங்க!” என்று சொல்லி, ஒரு கையை விரித்து மறுகையில் கட்டைவிரலை நீட்டி ஆறு காட்டினேன். டாக்டர் சிரித்துவிட்டு 11-ஐ அடித்தார். பக்கத்தில் 6 என்று எழுதினார்.

தெய்வானை அக்கா என் விரல்களைப் பார்த்தார், டாக்டருடைய பேனாவைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பொங்கல். நாங்கள் போனபோது அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

“தராசு வேண்டாம். எங்க வீட்டை உங்க புத்தகத்துல இருந்து எடுத்துடுங்க.”

அடுத்த வீட்டுக்குப் போனோம். அங்கேயும் வேண்டாம். அதற்கடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை. பன்னிரண்டில் ஒன்பது வீடுகள் அந்தச் சந்தில்தான் இருந்தன. டாக்டர் கோயில் மதிலோரம் தராசைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

“இந்த ஆராய்ச்சிக்கு ரெண்டு வருஷம் கெஞ்சிப் பணம் வாங்கினேன் சார். மத்தியானச் சமையலுக்குள்ள உள்ளே விடலைன்னா எல்லாம் போச்சு. நான் என்ன தப்புப் பண்ணினேன்?”

அவர் ஒன்றும் செய்யவில்லை. செய்தது யார் என்று எனக்குத் தெரியும். மறுபடி அக்கா வீட்டு வாசலுக்கே போனோம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“கிராணி, இது ரெண்டாவது தடவை” என்றார் அக்கா.

எனக்குப் புரியவில்லை.

“அன்னிக்கு உன் ஆபீஸ்ல பத்திரம் எழுத வந்தேனே, எத்தனை பிள்ளைன்னு கேட்டே. நாலுன்னு சொன்னேன். உயிரோட இருக்கிறதைச் சொல்லுங்கன்னே. மூணுன்னு தட்டிட்டே. அது கவர்மெண்டுக் காகிதம், சரின்னு வாயை மூடிக்கிட்டேன். இவர் கவர்மெண்டா? என் வீட்டுல யார் சாப்பிட்டாங்கன்னுதானே கேட்டாரு? என் வாயால சொன்னதை நீ எப்படி மாத்தலாம்?”

“அக்கா... செத்துப் போனவங்களை எப்படி...”

“செத்துட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? புதைச்சது நான்! என் பொண்ணு ஜப்பான்காரன் காலத்துல பொறந்தா, அவன் காலத்துலயே போயிட்டா. பொறந்ததுக்கும் காகிதம் இல்ல, செத்ததுக்கும் காகிதம் இல்ல. ஒரு இடத்துலயாவது இருக்கட்டும்னு பார்த்தேன். அதையும் அடிச்சிட்டீங்க.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று அவர் நாலு என்று சொன்னது இப்போது நன்றாக நினைவுக்கு வந்தது. நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மூன்று என்று தட்டியதும் நினைவுக்கு வந்தது. அத்தனையையும் டாக்டருக்கு வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தேன். என்னைத் திட்டியதையும் விடவில்லை.

டாக்டர் சமாதானம் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நோட்டைப் புரட்டி முந்தின நாள் பக்கத்தை எடுத்தார்.

“சார், ஒண்ணு கேளுங்க. நேத்து ராத்திரியெல்லாம் இதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். அஞ்சு இலையில அந்தச் சின்ன இலையிலதான் சோறு அதிகம். பெரியவங்க இலையைப் போல ரெண்டு பங்கு. அது ஏன்?”

இருபது வருஷமாகப் பார்ச்சு பார்க்கிறேன். அந்த வீட்டுப் பலகாரம் ஒவ்வொரு வருஷமும் என் வீட்டுக்கு வருகிறது. இதை நான் கேட்டிருக்கிறேனா? கேட்பதற்கு ஏதாவது இருக்கிறது என்றாவது தோன்றியிருக்கிறதா? ஊர்க்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. தெரியும் என்று நினைக்கிறவன் எதையும் கேட்பதில்லை.

கேட்டேன். அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“அவ சோறு தின்னதே இல்ல. பால் மறந்த நாள்ல இருந்து மரவள்ளிக்கிழங்குதான். காலையில கிழங்கு, ராத்திரி கிழங்கு. அரிசி எங்கே இருந்துச்சு? கால் ரெண்டும் வீங்கிச்சு. முகம் வீங்கிச்சு. பார்த்தவங்க எல்லாம், பிள்ளை என்னமா கொழுகொழுன்னு இருக்குன்னாங்க. எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு, கிராணி. நானும் கொழுப்புன்னுதான் நினைச்சேன்.”

இதையும் மொழிபெயர்த்தேன்.

டாக்டர் படிக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்தார். “அது கொழுப்பு இல்ல சார். சத்தில்லாத சாப்பாட்டுல வர்ற வீக்கம். பெரிய பெரிய டாக்டர்களே ஏமாந்திருக்காங்க, அம்மா ஏமாந்ததுல தப்பே இல்லைன்னு சொல்லுங்க. நான் இத்தனை வருஷமாப் படிக்கிறதே இந்த வீக்கத்தைத்தான்.” பிறகு புதிதாக ஒரு பக்கம் எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை மாதத்தில் பால் நின்றது? கிழங்கோடு வேறென்ன கிடைத்தது? தேங்காய்? கீரை? வீக்கம் முதலில் எங்கே? அக்கா ஒன்றைக்கூட மறக்கவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முந்திய சாப்பாட்டை முந்தாநாள் சாப்பாடு மாதிரி சொன்னார். அப்படி விவரமாகக் கேட்க ஓர் ஆள் வருவதற்காகவே ஞாபகம் வைத்திருந்தாரோ என்னவோ.

எழுதி முடித்ததும், “பேரு போட்டாச்சா?” என்று கேட்டார் அக்கா.

டாக்டர் தயங்கினார். போட்டாச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்காவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, யார் கண்டார்கள்?

“இல்லைன்னு சொல்லுங்க சார். எங்க அறிக்கையில யார் பேரும் வராது. உயிரோட இருக்கிறவங்க பேரும் வராது. நம்பர் மட்டும்தான். ஆனா அந்தக் குழந்தை என்ன சாப்பிட்டான்னு வரும். நான் போடுவேன்.”

சொன்னேன். இந்தத் தடவை ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பேரு வராதா...” என்றார். பிறகு எழுந்து வாசலை விட்டு விலகினார். “சரி, உள்ளே வாங்க. அடுப்புல உலை வைக்கணும். அரிசியை நிறுங்க.”

ஒன்பது வீடுகளும் மறுபடி திறந்தன. ஏழு நாட்களும் முடிந்தன. டாக்டர் சிங்கப்பூருக்கு பஸ் ஏறிவிட்டார். பஸ் நிலையத்தில், போகியன்று அந்த வீட்டில் எத்தனை பேர் என்று எழுதப் போகிறீர்கள் என்று கேட்டேன். “தெரியல சார்” என்றார். நிறையப் படித்தவர் ஒருவர் தெரியவில்லை என்று சொல்லிக் கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை. எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துவிட்டது.

அவருடைய அறிக்கையில் பெயர் போட இடமில்லை. வக்கீல் ஆபீஸ் பத்திரத்தில் இருந்த இடத்தையும் நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. ஆனால் வாரா வாரம் இந்தப் பத்திரிகையில் எனக்கென்று ஒரு இடம் கொடுத்திருக்கிறார்களே... அதில் எதை எதையோ எழுதியிருக்கிறேன். இந்த வாரம் இது:

நீலாட்சி. தெய்வானையின் மூத்த மகள். வயது இரண்டரை. கம்போங் செட்டி, காஜா பெராங், மலாக்கா.

பத்திரிகை வந்ததும் கத்தரித்துக்கொண்டு போய் அக்காவிடம் கொடுக்கப் போகிறேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது — எந்த வரி என்று விரல் வைத்துக் காட்டினால் போதும்.