வண்டியை யார் ஓட்டினது?

கார் இன்சூரன்ஸ் ஏஜெண்ட்டைப் பாலிசி எடுத்த மறுநாளே மறந்துவிடுவார்கள். வண்டி இடிபட்டதும்தான் உறவுக்காரியைப் போலத் தேடுவார்கள். காரைக்காலில் இந்தத் தொழில் செய்யும் எனக்குப் புதிதாக ஓட்டுபவர்கள் மேல் கோபமே கிடையாது. கோபமெல்லாம் அவர்களைச் சுற்றி இருப்பவர்கள் மேல்தான். உங்களில் எல் போர்டு மாட்டியவர்களுக்குப் புரியும்.

கடலில் இருந்த டிரைவர்

மண்டபத்தூரில் விசைப்படகு வைத்திருக்கும் ஒருவர் மகனுக்குக் கார் வாங்கினார். மகனிடம் எல்.எல்.ஆர். மட்டும்தான். பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஆள் இல்லாமல் ஓட்டக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பையன் தனியாகவே எடுத்துப் போய், சைக்கிளில் வந்த கொத்தனார் ஒருவரை இடித்துவிட்டு மதகுக் கட்டையில் மோதி நின்றான்.

அப்பா போன் செய்தார். "நான் ஓட்டினதா சொல்லிடுங்கம்மா." அன்றைக்கு அவர் கடலில் இருந்தது ஊருக்கே தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய் சொல்ல மாட்டேன். அந்த மனுஷன் கால் முறிஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்கறாரு, போய்ப் பாத்தீங்களா?" என்றேன். அவர் சொன்னார்: "கால் தானா ஒட்டிக்கும்மா. பம்பர் ஒட்டுமா?"

மழையில் நின்ற கார்

யூசுப் பாய் வளைகுடாவில் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஐம்பது வயதுக்கு மேல் ஆசையாகக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஐப்பசி மழையில், தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. புதிதாக ஓட்டுகிறவர் என்ன செய்வார்? திரும்பத் திரும்பச் சாவியைத் திருகினார். உள்ளே தண்ணீர் புகுந்து என்ஜினே போய்விட்டது.

சாதாரண பாலிசியில் அதற்கு நஷ்ட ஈடு கிடையாது. என்ஜினுக்கென்று தனி கவர் எடுத்திருக்க வேண்டும். அப்படி ஒன்று இருப்பதையே போனில் பாலிசியை விற்ற எங்கள் ஆபீஸ் அவரிடம் சொல்லவில்லை. பாய் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "விடுங்கம்மா, நம்ம நசீபு" என்று தலைவிதி மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். நான் நேரே மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "எதுக்குக் கிடைக்காதுன்னு முன்னாடியே சொன்னா, யாரும்மா பாலிசி எடுப்பா?"

நெரவி டீச்சர்

நெரவியைச் சேர்ந்த கலைச்செல்வி டீச்சர், லைசென்ஸ் வாங்கிய கையோடு பள்ளிக்கூடத்துக்குக் காரில் போக ஆரம்பித்தார். ஓரமாக நிறுத்தியிருந்த அவர் காரின் மேல், ரிவர்ஸில் வந்த நெல் லாரி ஏறிவிட்டது. லாரிக்காரரே தப்பை ஒப்புக்கொண்டார்.

சேதத்தைப் பார்க்க வந்த சர்வேயர் டீச்சரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "பொம்பளைங்க நிறுத்தினா இப்படித்தான் ஆகும்" என்று சிரித்துவிட்டு, டீச்சரின் வீட்டுக்காரரிடமே எல்லாவற்றையும் கேட்டார். பொறுக்க முடியாமல் நான் வாயெடுப்பதற்குள் டீச்சர் குறுக்கே வந்து நின்றார்: "சார், அவருக்கு சைக்கிளே வராது. வண்டி என்னுது, கேள்வியை என்கிட்ட கேளுங்க."

கார் ஓட்டக் கற்றுத்தர ஊரில் எத்தனையோ டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. இடிபட்ட வண்டிக்கு முன்னால் மனுஷராக நடந்துகொள்ளக் கற்றுத்தரும் ஸ்கூலைத்தான் இன்னும் யாரும் திறக்கவில்லை.